கச்சா ஓப்பலை வெட்டி மெருகேற்றுவது எப்படி?

கேள்வி: நிறம் தெரியும் கச்சா ஓப்பல் துண்டுகள் சில கையில் இருக்கின்றன. பாதி ஆஸ்திரேலியா, பாதி எத்தியோப்பியா. மோதிரத்திலோ பதக்கத்திலோ பதிக்கிற மாதிரி இவற்றை நானே வெட்டி மெருகேற்ற முடியுமா? எங்கிருந்து தொடங்குவது, விரிசல் விடாமல் எப்படிக் காப்பாற்றுவது?

பதில்:

முடியும். ஓப்பலின் கடினம் மோஸ் அளவில் 5.5 முதல் 6.5 வரைதான், குவார்ட்ஸைவிடக் குறைவு. வைரத்தூள் பதித்த சக்கரத்தில் வேகமாகவே கரையும். எதைத் தேய்த்து எடுக்க வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும், எப்போது கையை நிறுத்த வேண்டும் என்று தீர்மானிப்பதில்தான் சிரமமே இருக்கிறது. மாணிக்கம் வெட்டுபவருக்குக் கோணக் கணக்கு துணைக்கு வரும். ஓப்பலில் நிறம் எந்த அடுக்கில், எந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் வடிவத்தை முடிவு செய்கிறது. அதனால் எந்திரத்தைவிடக் கல்லைப் பார்ப்பது பற்றியே இங்கே அதிகம் சொல்கிறேன்.

நிறம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்தால் பாதி முடிவுகள் தாமாகவே விளங்கும். ஓப்பல் என்பது நீர் கலந்த சிலிக்கா. 1964-இல் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. அறிவியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜே. வி. சாண்டர்ஸ் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து இதன் உள்ளமைப்பை விளக்கினார். நுண்ணிய சிலிக்கா உருண்டைகள் ஒரே அளவில், வரிசை குலையாமல் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. ஏறத்தாழ 150 முதல் 300 நானோமீட்டர் வரை விட்டமுள்ள அந்த உருண்டை வரிசைகளில் பட்டுச் சிதறும் ஒளிதான் நமக்கு நிறமாகத் தெரிகிறது. உருண்டைகள் சிறியவையானால் ஊதாவும் நீலமும் மட்டும் வரும். பெரியவையானால் சிவப்பு வரை எட்டும். உருண்டைகள் இருந்தும் வரிசை இல்லையென்றால் வண்ணஜாலமே கிடையாது. அந்தக் கல்லைத் தொழிலில் பாட்ச் என்பார்கள்.

இதிலிருந்து வெட்டுபவருக்கு இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. ஒன்று, சிறிய உருண்டைகளால் ஆன கல்லை எந்தப் பக்கம் திருப்பி வெட்டினாலும் சிவப்பு வராது. இரண்டு, சிவப்பு தரக்கூடிய கல்லில்கூட அந்த வரிசைகளை நேராகப் பார்க்கும் கோணத்தில்தான் சிவப்பு தெரியும். சாய்த்தால் ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று நிறம் இறங்கிக்கொண்டே போகும். ஒரு பக்கத்தில் பச்சையாகத் தெரியும் துண்டை மற்ற பக்கங்களில் பார்க்காமல் வாளில் கொடுப்பது பெரிய இழப்பாகிவிடலாம்.

ஆகவே முதல் வேலை பார்ப்பது. கல்லைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். கரடான மேற்பரப்பு நனைந்தால்தான் உள்நிறம் தெரியும். தலைக்கு மேலிருந்து விழும் ஒரே விளக்கின் கீழ் வைத்து, மேல், கீழ், நான்கு பக்கங்கள் என ஆறு முகங்களையும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். எந்த முகத்தில் நிறம் பளிச்சென்று இருக்கிறது என்பதோடு, கல்லை லேசாக ஆட்டும்போது எவ்வளவு நேரம் அது அணையாமல் நிற்கிறது என்பதும் முக்கியம். சில கற்கள் ஒரே ஒரு கோணத்தில் மட்டும் தீப்பிழம்பாக எரிந்துவிட்டு அடுத்த கணம் இருண்டுவிடும். அப்படிப்பட்ட கல் பதக்கத்தில் செங்குத்தாகத் தொங்கும்போது, மேலிருந்து வரும் வெளிச்சத்தில் எப்படித் தெரியும் என்று அந்த நிலையிலேயே பிடித்துப் பாருங்கள். மோதிரக் கல்லுக்கு இந்தக் கவலை குறைவு. கை எப்போதும் அசைந்துகொண்டே இருக்கும்.

அடுத்து விரிசல். கல்லின் பக்கவாட்டில் சிறிய டார்ச்சை அழுத்திப் பிடித்தால் உள்ளே இருக்கும் வெடிப்பு ஒளியை மறித்து ஒரு சுவர்போல் தெரியும். இன்னொரு சோதனை: நனைத்த கல்லைத் துணியால் துடைத்துவிட்டு உற்றுப் பாருங்கள். மேற்பரப்பு உலர்ந்த பிறகும் மெல்லிய ஈரக்கோடு ஒன்று நின்றால் அது வெடிப்பு. உள்ளே போன நீர் கசிந்து வருகிறது. வெடிப்பு இருக்கும் இடத்தில் வாளை விட்டு இரண்டு சிறிய நல்ல கற்களாக ஆக்கிக்கொள்வதே மேல். வெடிப்பை உள்ளே வைத்துக்கொண்டு பெரிய கல் செய்யும் ஆசை இந்தத் தொழிலில் மிகச் சாதாரணம், பலன் அநேகமாகக் கடைசி மெருகில் கல் இரண்டாக உடைவதுதான். தண்ணீர் நிரப்பிய புட்டியில் விற்கப்படும் கச்சாக் கல்லை வாங்கினால், வெட்டுவதற்கு முன் சில வாரமாவது வெளியே வைத்து உலரவிடுங்கள். நீர் மயிரிழை வெடிப்புகளை மறைக்கும். உலரும்போது கல் முழுவதும் வலைபோல வெடிக்கும் குணம் இருந்தால் அதுவும் அப்போதே தெரிந்துவிடும். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து வர்ஜின் வேலி ஓப்பல் மிக அழகானது, ஆனால் இந்தக் குணத்துக்குப் பேர்போனது. அதைப் பலர் வெட்டாமல் நீரிலேயே வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

உங்கள் ஆஸ்திரேலியக் கற்கள் எந்தச் சுரங்கப் பகுதியில் எடுத்தவை என்பதைப் பொறுத்து அணுகுமுறை மாறும். கூபர் பீடியில் கிடைப்பது பெரும்பாலும் படிவமாகப் படிந்த வெளிர் ஓப்பல். நிற அடுக்கு ஒரு தளமாக ஓடும். அதற்கு இணையாக முகம் அமைய வேண்டும். லைட்னிங் ரிட்ஜில் கிடைப்பவை நாபி எனப்படும் சிறு உருண்டைகள். வெளித்தோல் சாம்பலாகவோ கறுப்பாகவோ மூடியிருக்கும். உள்ளே நிறம் ஒரு மெல்லிய கோடாக ஓடும். இந்தக் கற்களில் அடிப்பக்கக் கறுப்புப் பாட்ச்தான் உயிர். நிறத்துக்குப் பின்னால் கறுப்பு இருந்தால்தான் சிதறாத ஒளியை அது விழுங்கி நிறத்தை எடுத்துக் காட்டும். கறுமையை என்1 முதல் என்9 வரை அளக்கிறார்கள். என்1 முதல் என்4 வரை கறுப்பு ஓப்பல், என்5, என்6 இருண்டது, அதற்கு மேல் வெளிர். அடியைச் சமப்படுத்துகிறேன் என்று அந்தக் கறுப்பைத் தேய்த்துவிட்டால் கல் ஒரு தரம் இறங்கிவிடும், மீட்க வழியில்லை. அடிப்பக்கம் சற்றுக் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, விட்டுவிடுங்கள்.

குயின்ஸ்லாந்தின் வின்டன், குயில்பி பக்கத்துப் பாறை ஓப்பல் தனி வகை. பழுப்பு இரும்புக்கல்லில் காகிதம்போல் மெல்லிய நிற நரம்பு ஓடும். இதை வாளில் அறுப்பதைவிட நரம்பு வழியாகவே பிளப்பது வழக்கம். இரண்டு பாதியிலும் நிறம் கிடைக்கும். கிடைத்த முகம் மேடும் பள்ளமுமாக இருந்தால் அந்த வளைவையே பின்பற்றிச் சிறிய முனைகளால் தேய்க்க வேண்டும். தட்டையாக்க முயன்றால் மேட்டில் நிறம் கரைந்து இரும்புக்கல் எட்டிப் பார்க்கும்.

இப்போது எந்திரம். அறுக்க 4 அங்குல மெல்லிய வைர வாள். தேய்க்க 6 அங்குலச் சக்கரங்கள் வரிசையாக உள்ள எந்திரம்: 220 கிரிட் (துகளின் நுண்மையைக் குறிக்கும் எண், கூடக் கூடத் துகள் நுண்மையாகும்) கடினச் சக்கரம் ஒன்று, பிறகு 280, 600, 1200, 3000, 14000 எனப் பிசினில் பிணைத்த மென்மையான சக்கரங்கள். 80 கிரிட் சக்கரம் எந்திரத்தோடு வந்தால் தாய்ப்பாறையை நீக்க மட்டும் பயன்படுத்துங்கள்; ஓப்பலில் அது ஏற்படுத்தும் அடிவெடிப்புகள் மேற்பரப்புக்குக் கீழே இறங்கி, 600-க்குப் பிறகும் வெள்ளைப் புள்ளிகளாகத் தலைகாட்டும். வாளுக்குக் குளிர்விக்க எண்ணெய் வேண்டாம், தண்ணீர் போதும். நுண்துளையுள்ள ஓப்பல் எண்ணெயைக் குடித்துவிடும்.

தண்ணீர் இல்லாமல் ஒரு நொடிகூடச் சக்கரத்தில் கல்லை வைக்காதீர்கள். இதில் இரண்டு காரணங்கள் சேர்கின்றன. கல் சூடானால் உள்ளிருக்கும் நீரால் வெடிக்கும். அதைவிட முக்கியமானது உங்கள் நுரையீரல். தாய்ப்பாறையின் மணலில் இருக்கும் குவார்ட்ஸ் தூளாகி மூச்சில் போனால் சிலிக்கோசிஸ் வரும், அதற்குக் குணம் கிடையாது. நுண்தூளைத் தடுக்கும் சுவாசக் கவசம் அணியுங்கள். சக்கரத்தடியில் தேங்கும் சேற்றை ஈரமாக இருக்கும்போதே துடைத்து எடுங்கள். உலர்ந்த பிறகு பெருக்கினால் அத்தனையும் காற்றில் ஏறும்.

முதல் தேய்ப்பில் வடிவம் பற்றி நினைக்க வேண்டாம். தோலையும் மணலையும் மட்டும் நீக்கி நிற அடுக்கின் ஓரத்தைச் சுற்றிலும் வெளிக்கொண்டு வாருங்கள். அந்தக் கோடு நேராக ஓடுகிறதா, வளைகிறதா, ஒரு பக்கம் தேய்ந்து மறைகிறதா என்று பார்த்து, பென்சிலால் மேல் முகம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நிற அடுக்குகள் நடுவே பாட்ச்சோடு இருந்தால், நடுவில் அறுத்து இரண்டு கற்களாக்குவதா, பிரகாசமான ஒன்றை மேலே வைத்து மற்றதைத் தியாகம் செய்வதா என்ற முடிவை இங்கே எடுக்க வேண்டும். வாளின் தடிமன் அளவுக்குக் கல் தூளாகப் போகும் என்பதை மறக்காதீர்கள். அடுக்குகளுக்கு நடுவே இடம் போதாவிட்டால் அறுக்காமல் ஒன்றைத் தேய்த்துவிடுவதுதான் பாதுகாப்பு.

நிற அடுக்கின் மேல் மெல்லிய சாம்பல் மூடல் இருக்கும் கல்லில்தான் பொறுமை மிகவும் தேவை. 220-இல் கிட்டத்தட்ட வந்ததும் நிறுத்தி 600-க்கு மாறிவிடுங்கள். இரண்டு மூன்று முறை மெதுவாகத் தடவுவது, துடைப்பது, வெளிச்சத்தில் பார்ப்பது. மூடல் மெலிய மெலிய நிறம் கூடிக்கொண்டே போகும். ஓரிடத்தில் கூடுவது நின்றுவிடும். அங்கே நிறுத்த வேண்டும். இன்னும் கொஞ்சம் கூடுமோ என்று தொடர்ந்தால் நிற அடுக்கையே தாண்டிப் பாட்ச்சுக்குள் இறங்கிவிடுவோம். ஓரத்தில் சிறிய சாம்பல் திட்டு மிஞ்சியிருந்தாலும் நடுவில் முழு நிறம் உள்ள கல், எல்லா இடமும் சுத்தமாகி நிறம் வெளிறிய கல்லைவிட எப்போதும் மேலானது என்பது என் உறுதியான கருத்து.

இனிக் கல்லைக் குச்சியில் ஒட்ட வேண்டும். அரக்கில் ஒட்டுவது பழைய முறை. ஓப்பலுக்கு அரக்கைச் சூடாக்கி நேரடியாகக் குளிர்ந்த கல்லில் வைத்தால் வெடிக்கும். கல்லையும் மெல்ல வெதுவெதுப்பாக்கி, குறைந்த சூட்டில் உருகும் அரக்கைப் பயன்படுத்த வேண்டும். எனக்குப் பிடித்தது சூடே இல்லாத வழி: மரக்குச்சியின் முனையிலோ பெரிய ஆணியின் தலையிலோ சூப்பர் க்ளூ. வேலை முடிந்ததும் அசிட்டோனில் ஊறவைத்தால் விட்டுவிடும்.

வடிவம் என்றால் மேல்பக்கம் குவிந்த கபோஷான்தான். முழுத் தட்டையான முகத்தில் சின்னக் கீறல்கூடத் துருத்தித் தெரியும், விளக்கின் பிரதிபலிப்பு நிறத்தை மறைக்கும். ஆனால் குவிவு எவ்வளவு என்பதை நிற அடுக்கின் தடிமன் தீர்மானிக்கிறது. அடுக்கு தடிமனாக இருந்தால் நல்ல உயரமான குவிவு கொடுக்கலாம். அரை மில்லிமீட்டர் அடுக்குக்கு அதே குவிவைக் கொடுத்தால் நடுவில் மட்டும் நிறம் நின்று, சுற்றிலும் வளையமாகப் பாட்ச் தெரியும். மெல்லிய அடுக்குக்குத் தாழ்ந்த குவிவு, அதுவும் ஓரத்தில் மட்டும் சரிவு. நீள்வட்ட அச்சுத்தகடு வைத்து 10×8 மி.மீ. என்று அளவெடுத்து வெட்டலாம்; ஆயத்த நகைச்சட்டத்தில் அப்படியே உட்காரும். அதற்காக நல்ல நிறத்தை வெட்டி எறிய வேண்டியிருந்தால் அச்சுத்தகட்டை மறந்துவிட்டுக் கல்லின் இயல்பான உருவத்தையே வைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்கற்ற வடிவத்துக்குப் பொற்கொல்லர் தனியாகச் சட்டம் செய்துகொடுப்பார், எறிந்த நிறத்தை யாரும் செய்துதர முடியாது.

பக்கங்கள் மேல்நோக்கிச் சற்றே உள்சாய்வாக இருக்க வேண்டும். அப்போதுதான் சட்டத்தின் விளிம்பு மடங்கிக் கல்லைப் பிடிக்கும். அடி விளிம்பை 45 பாகையில் லேசாக மழுக்குங்கள். கூரான விளிம்புதான் பதிக்கும்போது முதலில் சில்லாகப் பெயரும். சக்கரத்தில் கல் ஓரிடத்தில் நிற்காமல் மணிக்கட்டைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டை விழுந்திருக்கிறதா என்று அறிய, கல் முழுவதும் மார்க்கர் மையைப் பூசி ஒரு சுற்றுத் தடவுங்கள். மை மிஞ்சும் இடம் பள்ளம்.

மெருகு வராததற்குப் பத்தில் எட்டு முறை காரணம் மெருகுத்தூள் அல்ல, 280-க்கும் 600-க்கும் இடையிலான அவசரம். ஒவ்வொரு கிரிட்டும் முந்தியதன் கீறல்களை முழுவதுமாக அழிக்க வேண்டும். கல் ஈரமாக இருக்கும்போது கீறல்கள் ஒளிந்துகொள்ளும். ஆகவே ஒவ்வொரு சக்கரம் முடிந்ததும் கல்லை நன்றாகத் துடைத்து உலர்த்தி, தாழ்ந்த கோணத்தில் விழும் வெளிச்சத்தில் 10 மடங்கு லென்ஸால் பாருங்கள். புதிய சக்கரத்தில் முந்தைய திசைக்குக் குறுக்காகத் தேய்த்தால், மிஞ்சியிருக்கும் பழைய கீறல் தனியாகக் காட்டிக்கொடுக்கும். ஒன்று தெரிந்தாலும் பின்னால் போங்கள். சக்கரம் மாறும்போதெல்லாம் கல், குச்சி, நகக்கண் எல்லாவற்றையும் கழுவுங்கள். ஒட்டிவந்த ஒரே ஒரு 220 துகள் 3000 சக்கரத்தில் செய்யும் நாசம் கொஞ்சமல்ல.

3000 முடிந்ததும் கல்லில் பளபளப்பு தொடங்கியிருக்கும். 14000 வைரச் சக்கரத்திலேயே நிறுத்துபவர்கள் உண்டு. நான் சீரியம் ஆக்சைடில் முடிப்பதையே விரும்புகிறேன். சிலிக்காவால் ஆன கல்லுக்கு அது தரும் ஈரமான மினுக்கம் தனி. தூளைத் தண்ணீரில் நீர்மோர் பதத்துக்குக் கரைத்து, ஃபெல்ட் எனப்படும் அழுத்திய கம்பளித் துணியிலோ தோலிலோ பூசி, மெதுவான வேகத்தில் பிடியுங்கள். ஃபெல்ட் காயக் காயக் கல்லை இழுக்கத் தொடங்கும். மெருகு வேகமாக ஏறுவதும் அந்த நேரத்தில்தான், சூடேறிக் கல் வெடிப்பதும் அந்த நேரத்தில்தான். சில நொடிக்கொருமுறை கல்லைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாகத் தெரிந்தாலே நிறுத்திவிடுங்கள். குளிரவைக்கிறேன் என்று சூடான கல்லை நேராகத் தண்ணீரில் போடுவது இன்னும் ஆபத்து.

உங்கள் எத்தியோப்பியக் கற்களுக்குத் தனி நியாயம். வொல்லோ பகுதி ஓப்பல் 2008-ஆம் ஆண்டுவாக்கில் சந்தைக்கு வரத் தொடங்கியது. இதில் பெரும்பாலானது நீரை உறிஞ்சும் வகை. நாக்கு நுனியில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், அதுவே எளிய சோதனை. நனைந்ததும் கல் கண்ணாடிபோலத் தெளிந்து, பல கற்களில் நிறம் மங்கியோ மறைந்தோ போகும். பயந்துவிடாதீர்கள், உலர்ந்தால் திரும்பும். ஆனால் வெட்டும் நேரத்தில் நிறத்தைப் பார்த்து வெட்ட முடியாது என்று பொருள். அதனால் இந்தக் கல்லை மட்டும் உலர்ந்த நிலையில் ஆறு முகமும் பார்த்து, படம் எடுத்து, மேல்முகத்தைக் கோடிட்டுக்கொண்டு சக்கரத்துக்குப் போக வேண்டும். வொல்லோ கற்கள் சிலவற்றில் நிறம் தூண்தூணாக நிற்கும். தூண்களுக்குக் குறுக்காக முகம் வைத்தால் தேன்கூட்டு வடிவம் தெரியும். பக்கவாட்டில் வைத்தால் வெறும் கோடுகள். இரண்டையும் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

பாதி நனைந்த நிலையில் வேலை செய்வதுதான் இதற்கு மிக ஆபத்து. ஈரமான பகுதிக்கும் உலர்ந்த பகுதிக்கும் இடையிலான இழுவிசையில் விரிசல் விழும். ஒன்று, முழுவதும் ஊறவைத்துவிட்டு வெட்டுங்கள். இல்லையேல் கொஞ்சம் கொஞ்சமாக, இடையிடையே உலரவிட்டு வெட்டுங்கள். எண்ணெயில் குழைத்த வைரப் பசை, சாயம் கலந்த குளிர்விப்பான், அழுக்கான தொட்டித் தண்ணீர் எதுவும் ஆகாது. எல்லாவற்றையும் குடித்துக் கறையாக வைத்துக்கொள்ளும். முடித்த பிறகு வெயிலிலோ விளக்கடியிலோ காயவைக்காமல், மெல்லிய காகிதத்தில் சுற்றி மூடிய டப்பாவில் வைத்துவிடுங்கள். சிறிய கல் சில நாளில், பெரியது இரண்டு மூன்று வாரத்தில் நிறத்தோடு வரும். இதே உறிஞ்சும் குணத்தால்தான் இவற்றைப் புகையூட்டியும் சாயமேற்றியும் கறுப்பாக்கி விற்கிறார்கள். வாங்கிய கச்சாக் கல்லை வெட்டும்போது மேலே கறுப்பும் உள்ளே வெளிறலுமாக வந்தால் சந்தேகப்படுங்கள்.

தனியாக நிற்க முடியாத அளவுக்கு மெல்லிய நிறத் தகடு மிஞ்சினால், அதைச் சமதளமாக்கிக் கறுப்புப் பாட்ச் அல்லது இரும்புக்கல் துண்டின்மேல் எபாக்ஸியால் ஒட்டி டப்ளட் ஆக்கலாம். அதற்குமேல் தெளிந்த குவார்ட்ஸோ கண்ணாடியோ மூடினால் டிரிப்ளட். கௌரவமான வேலைதான், விற்கும்போதோ பரிசாகக் கொடுக்கும்போதோ ஒட்டுக்கல் என்று சொல்லிவிட வேண்டும். வாங்குபவர் முழுக்கல் என்று நினைத்து ஊறவைத்துக் கழுவினால் ஒட்டு நாளடைவில் வெளுத்துவிடும்.

தொடங்கும்போது உங்கள் கையிலுள்ளதில் சிறந்த துண்டை எடுக்காதீர்கள். நிறமே இல்லாத பாட்ச் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும். கடினமும் நடத்தையும் ஒன்றுதான். குவிவு சீராக வரவும், கீறலில்லாமல் மெருகு ஏறவும் அவற்றில் கை பழகிய பிறகு சிறிய ஆஸ்திரேலியத் துண்டு ஒன்று, அதற்கும் பிறகு எத்தியோப்பியக் கல். மெருகு முடிந்த கல் எதையும் உடனே நகையில் பதிக்கக் கொடுக்காமல் சில வாரம் திறந்த தட்டில் வைத்து, அவ்வப்போது டார்ச் பிடித்துப் பாருங்கள். வெடிக்கிற கல் அந்த இடைவெளியிலேயே பெரும்பாலும் வெடித்துவிடும். தேறிவந்த கல்லை மோதிரத்தில் பதிப்பதாக இருந்தால், குவிவு சட்டத்தின் விளிம்பைவிட அதிகம் துருத்தாமல், சுற்றிலும் விளிம்பு மடித்துக் கட்டச் சொல்லுங்கள். சட்டத்தில் பற்றவைப்பு வேலை ஏதும் இருந்தால் கல்லை வைப்பதற்கு முன்பே அது முடிந்திருக்க வேண்டும்.